மைக்ரோகண்ட்ரோலர் சர்க்யூட்டில் எந்தக் கெபாசிட்டர், எவ்வளவு, ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலரை வைத்து, 5 வோல்ட்டில் ஓடும் போர்டு ஒன்றைச் சொந்தமாக வரைகிறீர்கள். பார்க்கிற சர்க்யூட்டிலெல்லாம் 100 நானோஃபாரட், 10 மைக்ரோஃபாரட், 22 பிகோஃபாரட் என்று எண்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் மாறவும் செய்கின்றன. கையில் 47 நானோ, 33 பிகோ, 220 மைக்ரோ இருக்கிறது. மாற்றிப் போடலாமா, மதிப்பை எப்படி முடிவு செய்வது?

அந்தக் கெபாசிட்டர் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பதை முதலில் பாருங்கள். சில இடங்களில் மதிப்பு பத்து மடங்கு மாறினாலும் ஒன்றும் ஆகாது. சில இடங்களில் 10 பிகோ கூடினாலே தகராறு. படத்தில் எல்லாம் ஒரே இரட்டைக் கோடாகத் தெரிவதால்தான் இந்தக் குழப்பம்.

சிப்பின் பவர் பின்னுக்கு (காலுக்கு) பக்கத்தில் வைக்கும் 100 நானோஃபாரட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், எல்லோரும் கேட்பது அதைத்தான். சிப்புக்குள் ஒவ்வொரு கிளாக் விளிம்பிலும் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே சமயத்தில் நிலை மாறுகின்றன. சில நானோ வினாடிகளுக்கு மட்டும் கரண்ட் திடீரென்று எகிறும். அந்தக் கரண்ட், வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து வரவேண்டுமானால் இடையில் உள்ள டிரேஸின் (போர்டின் செப்புக் கோட்டின்) இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம், அதைத் தடுக்கும், பின்னில் வோல்ட்டேஜ் சரியும். தெருமுனைத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அடுப்படியில் ஒரு குடம் வேண்டியிருக்கிறதே, அந்தக் குடம்தான் இந்தக் கெபாசிட்டர்.

எவ்வளவு பெரிய குடம் என்பதற்குக் கணக்கு எளிது. கரண்ட்டை நேரத்தால் பெருக்கி, நீங்கள் பொறுத்துக்கொள்ளும் வோல்ட்டேஜ் சரிவால் வகுத்தால் வேண்டிய கெபாசிட்டன்ஸ் வரும். 20 மில்லிஆம்பியர், 5 நானோ வினாடி, 50 மில்லிவோல்ட் சரிவு என்று வைத்துக்கொண்டால் விடை 2 நானோஃபாரட். அப்படியானால் 100 நானோ என்பது தேவையைப்போல் 50 மடங்கு. ஆகவே உங்கள் 47 நானோவைத் தாராளமாகப் போடலாம், 1 மைக்ரோ செராமிக்கும் போடலாம். 100 நானோ என்பது மலிவாக, சின்ன அளவில், எங்கும் கிடைக்கும் மதிப்பு என்பதால் வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணில் வேறு ரகசியம் எதுவும் கிடையாது.

மதிப்பைவிட இங்கே முக்கியம், அது உட்காரும் இடம். எந்தக் கெபாசிட்டருக்கும் கொஞ்சம் இண்டக்டன்ஸ் உண்டு. டிரேஸ் மில்லிமீட்டருக்குத் தோராயமாக 1 நானோஹென்றி சேர்க்கும், ஒரு வயாவும் (போர்டின் அடுக்குகளை இணைக்கும் சின்னத் துளை) கிட்டத்தட்ட அவ்வளவு. 100 நானோஃபாரட்டும் மொத்தம் 2 நானோஹென்றியும் சேர்ந்தால் சுமார் 11 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு வரும். அதற்கு மேலே அது கெபாசிட்டராக நடந்துகொள்ளாது, இண்டக்டர்தான். நீளக் கால் கொண்ட வட்டச் செராமிக்கை பிரெட்போர்டில் குத்தினால் 10 நானோஹென்றியைத் தாண்டுவது சுலபம், அப்போது அந்த எல்லை 5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பின்னிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி 100 நானோ வைப்பதைவிட, 3 மில்லிமீட்டருக்குள் 10 நானோ வைப்பது அதிவேகச் சரிவுகளுக்கு நல்லது.

28 கால் டிப் சிப்பில் 7-ம் கால் விசிசி (பவர் உள்ளீடு), 8-ம் கால் கிரவுண்ட், இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு கெபாசிட்டர் அங்கேயே. இன்னொன்று 20-ம் காலான ஏவிசிசிக்கும் (அனலாக் பகுதியின் பவர்) 22-ம் காலான கிரவுண்டுக்கும் நடுவில். ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) பயன்படுத்தவில்லை என்பதற்காக ஏவிசிசியைத் தொங்கவிட்டுவிடாதீர்கள். அதை விசிசியோடு இணைத்தே தீரவேண்டும், அதற்கும் தனியாக 100 நானோ வேண்டும். ஏடிசி துல்லியமாக வேண்டுமென்றால் இடையில் 10 மைக்ரோஹென்றி இண்டக்டர் ஒன்றும் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில்) உண்டு. பவர் பின்கள் நிறைய உள்ள சிப்புகளுக்கும் இதே விதிதான்: ஜோடிக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரு மூலையில் வரிசையாக அடுக்கி ‘மொத்தம் 500 நானோ இருக்கிறதே’ என்று கணக்குக் காட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

1 மைக்ரோ, 100 நானோ, 10 நானோ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லும் பழைய ஆலோசனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கால் நீளமான கெபாசிட்டர்கள் இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று ஒரே அளவு எஸ்எம்டியில் (நீளக் கால் இல்லாமல் போர்டின் மேலேயே பற்றவைக்கும் வகை) 100 நானோவும் 1 மைக்ரோவும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் இண்டக்டன்ஸ் கிட்டத்தட்ட ஒன்றே, அதனால் உயர் அதிர்வெண்ணில் சின்ன மதிப்பால் பெரிய லாபம் இல்லை. ஒன்று இண்டக்டராகவும் மற்றொன்று கெபாசிட்டராகவும் நடக்கும் அதிர்வெண்ணில் இரண்டும் சேர்ந்து எதிர்-ஒத்ததிர்வு உண்டாக்கி, இம்பீடன்ஸ் (அந்த அதிர்வெண்ணில் தெரியும் தடை) ஏறிவிடவும் கூடும். 16 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆருக்கு (உங்கள் ஏடிமெகா328பி சேர்ந்த சிப் குடும்பம்) இந்தக் கவலை தேவையே இல்லை. பின்னுக்கு ஒரு 100 நானோ, அப்புறம் போர்டுக்குப் பொதுவாக ஒரு 10 மைக்ரோ. அவ்வளவுதான்.

அந்தப் பொதுவான 10 மைக்ரோ மெதுவான சரிவுகளைத் தாங்குவதற்கு. ரெகுலேட்டர் விழித்துக்கொண்டு கரண்ட்டைக் கூட்டுவதற்குப் பல மைக்ரோ வினாடிகள் ஆகும், அதுவரை இது தாக்குப்பிடிக்க வேண்டும். கணக்கு முன்போலவே. உங்கள் சிப் எல்இடி இரண்டை எரியவைத்துக்கொண்டு ஓடினால் 10 மைக்ரோவே மிச்சம். நாளைக்கு வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப்புக்கு மாறினால் கதை வேறு. வைஃபை அனுப்பும்போது அது 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். கூடுதலாக 200 மில்லிஆம்பியர் தேவைப்படுகிறது, ரெகுலேட்டர் சமாளிக்க 50 மைக்ரோ வினாடி ஆகிறது, 0.1 வோல்ட்டுக்கு மேல் சரியக்கூடாது என்றால் விடை 100 மைக்ரோஃபாரட். வைஃபை இணைக்கும்போது மட்டும் பிரவுன்அவுட் (வோல்ட்டேஜ் சரிவு) செய்தி வந்து ரீசெட் ஆகிறது என்று புலம்பும் பலருக்கும் புரோகிராமில் தவறு இருக்காது. இங்கே ஒரு பெரிய கெபாசிட்டர் குறைவாக இருக்கும், அல்லது யூஎஸ்பி கேபிள் மெலிசாக இருக்கும்.

உங்கள் 220 மைக்ரோவுக்கு இது பொருத்தமான இடம்தான், ஆனால் ஒரு எச்சரிக்கை. யூஎஸ்பியிலிருந்து பவர் எடுக்கும் கருவி, வோல்ட்டேஜ் வரும் கம்பியில் நேரடியாகக் காட்டும் கெபாசிட்டன்ஸ் 10 மைக்ரோவைத் தாண்டக்கூடாது என்று யூஎஸ்பி 2.0 விதி சொல்கிறது. செருகிய கணத்தில் காலியான பெரிய கெபாசிட்டர் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் மாதிரி. அதனால் ஹப்பில் உள்ள மற்ற கருவிகள் ரீசெட் ஆகலாம். பெரிய மதிப்பு வேண்டுமென்றால் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ஏதாவது ஒன்றுக்குப் பின்னால் வையுங்கள்.

12 வோல்ட் அடாப்டரிலிருந்து ஓட்டினால் இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்று உண்டு. உள்ளீட்டில் வெறும் செராமிக் மட்டும் இருக்கிறது, கேபிள் நீளம். கேபிளின் இண்டக்டன்ஸும் செராமிக்கும் சேர்ந்து ஊசலாடும். பவர் இருக்கும்போதே செருகினால் வோல்ட்டேஜ் ஒரு கணம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 24 வோல்ட்டை எட்டலாம். 7805 ரெகுலேட்டர் தாங்கிக்கொள்ளும், அதன் வரம்பு 35 வோல்ட். ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு வரம்பு 15 வோல்ட்தான். செருகும்போதெல்லாம் ரெகுலேட்டர் மர்மமாகச் சாகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண எலக்ட்ரோலிடிக் போட்டால் அதன் உள் தடையே அந்த ஊசலை அடக்கிவிடும். மட்டமானது என்று நாம் நினைக்கும் ஒரு குணம் இந்த இடத்தில் உதவிக்கு வருகிறது.

செராமிக்கைப் பற்றி டப்பாவில் எழுதாத ஒரு விஷயம். 10 மைக்ரோ என்று வாங்குவது சர்க்யூட்டில் 10 மைக்ரோவாக இருக்காது. எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் வகைகளில் டிசி வோல்ட்டேஜ் ஏற ஏறக் கெபாசிட்டன்ஸ் குறையும். 0603 என்ற சின்ன உடல் அளவில் 6.3 வோல்ட் ரேட்டிங் உள்ள 10 மைக்ரோவுக்கு 5 வோல்ட் கொடுத்தால், மிஞ்சுவது பாதிக்கும் கீழே போய்விடலாம். எக்ஸ்7ஆர் என்ற பெயரில் உள்ள 15 சதவீதம் வெப்பநிலையால் வரும் மாற்றம் மட்டுமே; வோல்ட்டேஜால் வரும் இழப்பு அதில் அடங்காது. அதனால் பெரிய மதிப்புச் செராமிக் வாங்கும்போது வேலை வோல்ட்டேஜைப்போல் இரண்டு மடங்காவது ரேட்டிங்கும், முடிந்தால் ஒரு அளவு பெரிய உடலும் பாருங்கள். 100 நானோ, 50 வோல்ட் எக்ஸ்7ஆர் 5 வோல்ட்டில் அசையாது, அதைப்பற்றிக் கவலை வேண்டாம். ஒய்5வி என்று எழுதியதை மட்டும் தொடாதீர்கள், வெப்பத்தாலேயே 82 சதவீதம் வரை இழக்க அந்த வகைக்கு அனுமதி உண்டு. டாண்டலம் என்றால் வேலை வோல்ட்டேஜ் ரேட்டிங்கில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், தீயும் பிடிக்கலாம்.

ரெகுலேட்டரின் வெளியீட்டுக் கெபாசிட்டரை மனம்போல் மாற்றக்கூடாது, அது ரெகுலேட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கே ஒரு உறுப்பு. 7805 இதில் பெருந்தன்மையானது, உள்ளீட்டில் 0.33 மைக்ரோ, வெளியீட்டில் 0.1 மைக்ரோ என்று டேட்டாஷீட் சொல்லும், கொஞ்சம் மாறினாலும் ஓடும். எல்எம்1117 அப்படியில்லை. வெளியே குறைந்தது 10 மைக்ரோ டாண்டலம், அதன் உள் தடை 0.3 ஓமுக்கும் 22 ஓமுக்கும் நடுவில் இருக்கவேண்டும் என்று கேட்கிறது. நல்ல செராமிக்கின் உள் தடை சில மில்லிஓம்தான். ‘டாண்டலத்தைவிடச் செராமிக் நல்லதாயிற்றே’ என்று மாற்றினால் ரெகுலேட்டர் ஊசலாட ஆரம்பிக்கலாம், மல்டிமீட்டரில் 3.3 வோல்ட் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நேர்மாறாக எம்சிபி1700 போன்றவை 1 மைக்ரோ செராமிக்கோடு நிம்மதியாக இருக்கும். எந்த ரெகுலேட்டரோ, அதன் டேட்டாஷீட்டில் வெளியீட்டுக் கெபாசிட்டர் பகுதியைப் படிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது சிப்புக்குக் கிளாக் துடிப்பைக் கொடுக்கும் கிரிஸ்டல். 22 பிகோ என்பதை வேத வாக்காக எடுத்துக்கொள்வது இங்கேதான் தப்பு. கிரிஸ்டலின் டேட்டாஷீட்டில் லோடு கெபாசிட்டன்ஸ் என்று ஒரு எண் இருக்கும்: 8, 12.5, 18, 20 பிகோ என்று. கிரிஸ்டலின் இரு கால்களுக்கும் நடுவில் மொத்தம் அவ்வளவு தெரிந்தால்தான் அது எழுதிய அதிர்வெண்ணில் ஓடும். இரண்டு கெபாசிட்டர்களும் கிரவுண்ட் வழியாகத் தொடராக இருப்பதால் சம மதிப்பானால் பாதியாகத் தெரியும், அதோடு டிரேஸ், பின் இவற்றின் சிதறல் கெபாசிட்டன்ஸ் சேரும். சிதறலை 3 முதல் 5 பிகோ என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஆக, ஒவ்வொரு கெபாசிட்டரும் = 2 × (லோடு − சிதறல்).

18 பிகோ கிரிஸ்டலுக்கு 2 × (18 − 5) = 26, பக்கத்து மதிப்பு 27. 22 போட்டால் மொத்தம் 16 பிகோ தெரியும், அதிர்வெண் ஒரு துளி கூடும். சீரியல் தொடர்புக்கு ஓரிரு சதவீதம் வரை பிழை இருந்தாலும் ஓடும் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் எல்லோரும் 22 போட்டுத் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 8 பிகோ கிரிஸ்டலுக்கு விடை 6 முதல் 10 பிகோதான். அதற்கும் 22 போட்டால் அதிர்வெண் இறங்குவது ஒரு பக்கம். கிரிஸ்டல் தொடங்கவே திணறலாம், குளிரில் தொடங்காமலே போகலாம். ஏடிமெகா328பி டேட்டாஷீட் 12 முதல் 22 பிகோ வரை சொல்கிறது. ஆகவே உங்கள் 33 பிகோவை அங்கே போடாதீர்கள், ஓடினாலும் அது அதிர்ஷ்டம். வாங்கும் கிரிஸ்டலை அந்த வரம்புக்குப் பொருந்துவதாகத் தேர்ந்தெடுங்கள். வகை சி0ஜி அல்லது என்பி0-ஆக இருக்கட்டும், வெப்பத்தாலும் வோல்ட்டேஜாலும் அது மாறாது. மூன்று கால் செராமிக் ரெசனேட்டர் பெரும்பாலும் கெபாசிட்டர்களை உள்ளேயே வைத்திருக்கும், வெளியே எதுவும் வேண்டாம்.

நேரம் காட்டும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் மட்டும் இந்தத் துல்லியம் நிஜமாகவே உறைக்கும். மில்லியனில் 20 பங்கு பிழை என்றால் நாளுக்கு 1.7 வினாடி. டிஎஸ்1307 போன்ற கடிகாரச் சிப்புகள் 12.5 பிகோ கிரிஸ்டலை எதிர்பார்த்து உள்ளேயே கெபாசிட்டரை வைத்திருக்கின்றன. வெளியே இரண்டு 22 பிகோ சேர்ப்பது, நன்றாக ஓடும் கடிகாரத்தைப் பின்தங்கவைக்கும் வேலை.

ரீசெட் பின்னில் 10 கிலோஓம் புல்அப் (பின்னைப் பவரோடு இணைக்கும் தடை), கிரவுண்டுக்கு 100 நானோ என்று போடுவார்கள். ஏவிஆரில் பவர்-ஆன் ரீசெட் உள்ளேயே இருப்பதால் இந்தக் கெபாசிட்டர் இரைச்சலைத் தடுப்பதற்கு மட்டும். 47 நானோ போதும். ஆனால் கணினியிலிருந்து தானாக ரீசெட் ஆக, டிடிஆர் (சீரியல் கட்டுப்பாட்டு) கம்பியை 100 நானோ வழியாக ரீசெட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் கிரவுண்டுக்குப் போகும் இந்த 100 நானோவை எடுத்துவிடுங்கள். இரண்டும் வோல்ட்டேஜ் டிவைடராகி, 5 வோல்ட் இறக்கம் ரீசெட் பின்னில் 2.5 வோல்ட் இறக்கமாகத்தான் தெரியும். அந்த அளவில் சிப் ரீசெட் ஆகலாம், ஆகாமலும் போகலாம். புரோகிராம் ஏற்றும்போது சில நேரம் ஏறுகிறது, சில நேரம் ஏறவில்லை என்ற நோய்க்கு இது ஒரு காரணம். ரீசெட் பின் வழியாகப் பிழை தேடும் டிபக்வயர் பயன்படுத்தினாலும் ரீசெட்டில் கெபாசிட்டர் ஆகாது. ஈஎஸ்பி32-இல் மட்டும் எதிர்மாறு: பவர் நிலைபெற்ற பிறகு சிப் எழவேண்டும் என்பதற்காக, இஎன் (சிப்பை எழுப்பும்) பின்னில் 10 கிலோஓமும் 1 மைக்ரோவும் போடச் சொல்கிறார்கள்.

ஏடிசி உள்ளீட்டில் மதிப்பைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். 328பி-இன் ஏடிசிக்குள் 14 பிகோ மாதிரிக் கெபாசிட்டர் இருக்கிறது. சிக்னலின் தடை 10 கிலோஓமுக்குள் இருக்கும்போது அது சரியாக நிரம்பும். பேட்டரி வோல்ட்டேஜ் அளக்க 100 கிலோஓம் இரண்டை டிவைடராக வைத்தால் தடை 50 கிலோஓம், நிரம்பாமல் போகலாம். பின்னில் ஒரு கெபாசிட்டர் வைத்தால் மாதிரிக் கெபாசிட்டர் அதிலிருந்து நொடியில் நிரப்பிக்கொள்ளும். 10 பிட்டில் அரைப் படிக்குக் குறைவாகச் சரியவேண்டுமானால் வெளிக் கெபாசிட்டர் 14 பிகோவைப்போல் 2048 மடங்கு, அதாவது சுமார் 29 நானோ. உங்கள் 47 நானோ இங்கே மிகப் பொருத்தம், 100 நானோவும் சரி. அதற்குக் கொடுக்கும் விலை வேகம்: 50 கிலோஓமும் 100 நானோவும் சேர்ந்தால் நேர மாறிலி 5 மில்லிவினாடி, 10 பிட் துல்லியத்துக்கு அமைய 35 மில்லிவினாடிக்கு மேல் வேண்டும். பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஆடியோவுக்கு ஆகாது. ஏரெஃப் (ஏடிசியின் ரெஃபரன்ஸ்) பின்னிலும் 100 நானோ உண்டு. ரெஃபரன்ஸை 1.1 வோல்ட்டுக்கு மாற்றியதும் அந்தக் கெபாசிட்டர் இறங்கச் சில மில்லிவினாடி ஆகும், அதற்குள் படித்ததை எறிந்துவிடுங்கள்.

விவாதத்துக்கு இடமே இல்லாத பின்களும் உண்டு. சிப்புக்குள் இருக்கும் சின்ன ரெகுலேட்டர் தன் கெபாசிட்டரை வெளியே கேட்கும் இடங்கள் அவை. எஸ்டிஎம்32எஃப்407-இல் இரண்டு விகேப் பின்களுக்கும் தலா 2.2 மைக்ரோ, ஏடிமெகா32யூ4-இல் யூகேப் பின்னுக்கு 1 மைக்ரோ. 100 நானோ போட்டுப் பார்க்கலாமே என்று முயற்சி செய்யாதீர்கள். சீரியல் சிக்னலின் வோல்ட்டேஜை மாற்றும் பழைய மேக்ஸ்232 சிப்புக்கு 1 மைக்ரோ, மேக்ஸ்232ஏ-க்கு 0.1 மைக்ரோ, பெயரில் ஒரு எழுத்து, மதிப்பில் பத்து மடங்கு.

சுவிட்ச் துள்ளலுக்கு (அழுத்தும்போது தொடுமுனை பலமுறை தொட்டு விலகுவது) 10 கிலோஓமும் 1 மைக்ரோவும் வைத்தால் 10 மில்லிவினாடி கிடைக்கும். கெபாசிட்டரை நேராக சுவிட்சின் குறுக்கே போடாமல் நடுவில் சில நூறு ஓம் வையுங்கள், தொடுமுனை கருகாது. என்னைக் கேட்டால் சாதாரணப் பட்டனுக்குப் புரோகிராமிலேயே சமாளித்துவிடலாம், கெபாசிட்டர் வேண்டாம்.

வாங்கியதைப் பொருத்துமுன் குறியைப் படித்துவிடுங்கள். 104 என்றால் 100 நானோ, 473 என்றால் 47 நானோ. 220 என்று இருந்தால் அது 22 பிகோ. 220 பிகோவுக்கு 221 என்று இருக்கும். அதை மாற்றிப் படித்துக் கிரிஸ்டலில் போட்டுவிட்டு, சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு.

கடைசியாக, இரைச்சலைக் குறைக்கலாம் என்று ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரு கம்பி பஸ்) கம்பிகளில் கெபாசிட்டர் சேர்க்கும் ஆசை வரலாம். அந்த பஸ்ஸின் மொத்த கெபாசிட்டன்ஸுக்கு 400 பிகோதான் எல்லை, கம்பியும் பின்களும் ஏற்கெனவே அதில் ஒரு பங்கைத் தின்றிருக்கும். ஒரு 100 நானோ சேர்த்தால் சிக்னல் எழும்பவே எழும்பாது. யூஎஸ்பியின் டேட்டா கம்பிகளுக்கும் இதேதான்: அங்கே கெபாசிட்டரே வைக்காதீர்கள்.